பக்கத்து சீட்டு பேசாதபோது: மூன்றாம் முறை டிரைவிங் டெஸ்ட்டுக்குப் போன ஒரு நர்ஸைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

தென் சென்னையில் 17 வருடமாக கார் ஓட்டக் கற்றுக்கொடுத்து வருகிறேன். டெஸ்ட்டில் தோற்றுத் திரும்புகிறவர்கள் எனக்குப் புதிதில்லை. பெரும்பாலும் காரணம் கண்ணுக்குத் தெரியும்: பயிற்சி குறைவு, அவசரம், கண்ணாடி பார்க்காத பழக்கம். இந்தக் கேஸ் அப்படியில்லை. நன்றாக ஓட்டத் தெரிந்தவர் ஒரே மாதிரி இரண்டு முறை தோற்றார். அதில் பாதிக் காரணம் நான்தான் என்பது எனக்குப் புரிய இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. மற்ற மாஸ்டர்களுக்கும், டெஸ்ட் தேதியை நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறவர்களுக்கும் பயன்படட்டும் என்று அவருடைய சம்மதத்தோடு விரிவாக எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வந்தவர்

வயது 41. தனியார் மருத்துவமனை ஒன்றில் ஐ.சி.யூ. நர்ஸ். வீடு மடிப்பாக்கம். கணவருக்கு வளைகுடாவில் வேலை. அவர் வாங்கி வைத்த கார் வாசலில் கவர் போட்டு நின்றது. நர்ஸ்களை நம் ஊரில் எல்லாரும் கூப்பிடுகிற மாதிரி நானும் அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவேன். சிஸ்டரின் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் அவரை பிசியோதெரபிக்குக் கூட்டிப்போக வேண்டும். ஆட்டோவில் ஏற்றி இறக்க இரண்டு பேர் தேவை, மழை பெய்தால் ஆட்டோவே கிடைக்காது. அதனால்தான் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தார்.

முதல் நாள் வண்டியில் ஏறும்போது நான் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன், பயம் இருக்கிறதா என்று. "பயம்லாம் இல்ல மாஸ்டர். கோட் ப்ளூ அடிச்சா முதல்ல ஓடுறவ நான்" என்றார். நோயாளியின் இதயம் நின்றால் மருத்துவமனையில் கொடுக்கும் அவசர அழைப்புதான் கோட் ப்ளூ. அவர் சொன்னதை நம்பினேன். இப்போதும் நம்புகிறேன். இதயம் நின்றுபோன நோயாளியின் நெஞ்சை அழுத்தும்போது அவர் கை நடுங்கியதே இல்லை என்று அவரோடு வேலை செய்கிறவரே பிற்பாடு என்னிடம் சொன்னார்.

அக்டோபர் தொடக்கத்தில் எல்.எல்.ஆர். (பழகுநர் லைசென்ஸ்) எடுத்தார். விதிப்படி கார் பயிற்சி குறைந்தது 21 நாள், 10 மணி நேர ஓட்டம். அவர் 14 மணி நேரம் ஓட்டினார். மழைக்காலம் அது. மடிப்பாக்கத்தில் தெருவுக்குத் தெரு தண்ணீர் நிற்கும். பள்ளம் எது, ரோடு எது என்று தெரியாது. அதிலும் கவனமாக ஓட்டினார். கீழ்க்கட்டளை சிக்னல், ரேடியல் ரோடு, மேடவாக்கம் போகும் வழியில் மாலை நேர நெரிசல் என்று எங்கே விட்டாலும் சமாளித்தார். நான் மனதுக்குள் பாஸ் போட்டுவிட்டேன்.

இரண்டு தோல்விகள்

முதல் டெஸ்ட் நவம்பர் கடைசியில். இன்ஸ்பெக்டர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து "எடுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னார். வண்டி ஆஃப் ஆனது. திரும்ப ஸ்டார்ட் செய்தார், திரும்ப ஆஃப். மூன்றாவது முறை வண்டி குதித்து நின்றது. இறங்கச் சொல்லிவிட்டார். மொத்தம் இரண்டு நிமிடம்கூட இருக்காது. என் நோட்டில் அன்று நான் எழுதியது: "கிளட்ச் பிராக்டீஸ் போதவில்லை."

டெஸ்ட்டில் தோற்றால் 7 நாள் கழித்துத் திரும்பப் போகலாம். நடுவில் அவருக்கு 5 மணி நேரம், இடது காலால் அழுத்தி விடுகிற கிளட்ச் மட்டுமே கொடுத்தேன். "மெதுவா விடுங்க, கடிக்குது பாருங்க, அங்கயே நிறுத்துங்க, இப்ப ஆக்சிலேட்டர்" என்று நூறு தடவை சொல்லியிருப்பேன். நூறு தடவையும் வண்டி பட்டு மாதிரி நகர்ந்தது.

இரண்டாவது டெஸ்ட் டிசம்பர் நடுவில். நைட் டியூட்டி முடித்து நேராக வந்திருந்தார். வெறும் வயிற்றில் இரண்டு காபி. வண்டி ஒரு தடவை ஆஃப் ஆனது. அந்தப் பதற்றத்தில் ஹேண்ட்பிரேக்கை எடுக்காமலேயே கிளப்பப் பார்த்தார். திணறி மறுபடி ஆஃப். எப்படியோ நகர்த்தி முன்னால் போனவர், ரிவர்ஸ் எடுக்கும்போது ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பினார். ரிவர்ஸில் அவர் அதுவரை தப்பே செய்ததில்லை. இறங்கி என்னிடம் வந்து, "அந்த இடது கால் என் கால் மாதிரியே இல்ல மாஸ்டர்" என்றார். வேறு எதுவும் பேசவில்லை. நான் ஆறுதலாக ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை, பயனில்லாத எதையோதான் சொல்லியிருப்பேன்.

இதற்கு மேல் விஷயம் கடுமையானது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 9-வது பிரிவுப்படி மூன்று முறை தோற்றால் அடுத்த 60 நாளுக்கு டெஸ்ட்டுக்கே போக முடியாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு மறுபயிற்சி ஒன்றையும் முடிக்க வேண்டும். எல்.எல்.ஆர். 6 மாதம்தான் செல்லும். ஏப்ரல் வந்தால் அவர் முதலில் இருந்து தொடங்க வேண்டியிருக்கும். அதுவரை அவருடைய அப்பா ஆட்டோவில்தான் போக வேண்டும்.

தொண்டை கட்டிய காலை

மார்கழி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். எனக்குச் சளி பிடித்து தொண்டை முழுவதும் கட்டிவிட்டது. குரலே வரவில்லை. கிளாஸைத் தள்ளிப்போட மனம் இல்லாமல் காலை 6 மணிக்குப் போனேன். தொண்டையைத் தொட்டுக் காட்டினேன், அவர் புரிந்துகொண்டு தலையாட்டினார்.

அவர் வீட்டுத் தெருவிலேயே வண்டி நான்கு முறை ஆஃப் ஆனது. அதே தெரு, அதே வண்டி, காலை வேளை, முன்னால் ஒரு சைக்கிள்கூட இல்லை. இன்ஸ்பெக்டரும் இல்லை. அந்த இடத்தில் ஒரு நாளும் வண்டியை நிறுத்தியதில்லை அவர். இருந்த ஒரே வித்தியாசம், நான் பேசவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் கிளட்ச்சை விடக் கற்றுக்கொள்ளவில்லை, என் குரலுக்குக் கிளட்ச்சை விடக் கற்றுக்கொண்டிருந்தார். டெஸ்ட்டில் பக்கத்து சீட்டில் குரல் இல்லை. "எடுங்க" என்பதற்கு அப்புறம் வெறும் மௌனம். அந்த மௌனத்தில் அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது.

இன்னொன்றையும் அன்று கவனித்தேன். டிரைவிங் ஸ்கூல் வண்டியில் எங்கள் பக்கமும் கிளட்ச்சும் பிரேக்கும் உண்டு. நான்காவது முறை வண்டி திணறியபோது என் கால் தானாகப் போய் என் பக்கக் கிளட்ச்சைத் தொட்டிருந்தது. ஒரு நூல் அளவு அழுத்தம்தான். ஆனால் அந்த நூல் அளவில்தான் வண்டி ஆஃப் ஆவதும் நகர்வதும் இருக்கிறது. அந்த 5 மணி நேரக் கிளட்ச் பயிற்சியில் எத்தனை தடவை இப்படி என்னை அறியாமல் உதவியிருப்பேன் என்று யோசித்தபோது எனக்குக் கஷ்டமாக இருந்தது. பட்டு மாதிரி நகர்ந்ததில் என் காலுக்கும் பங்கு இருந்திருக்கிறது.

அதே காலையில் மூன்றாவதாக ஒன்று நடந்தது, அதுதான் வழி காட்டியது. மார்கழி என்பதால் தெருவில் வீட்டுக்கு வீடு பெரிய கோலம். ஒரு திருப்பத்தில் ஒரு பெண்மணி ரோட்டின் பாதி வரை கலர்க் கோலம் போட்டு, நடுவில் பூசணிப்பூ வைத்துக்கொண்டிருந்தார். சிஸ்டர் வேகத்தைக் குறைத்தார், நிறுத்தினார். அந்தப் பெண்மணி நகர்ந்ததும் ஹாஃப் கிளட்ச்சில், அதாவது கிளட்ச்சைப் பாதி மட்டும் விட்டு, ஊர்ந்து, ஒரு புள்ளிகூட அழியாமல் கோலத்தைச் சுற்றி வண்டியைக் கொண்டுபோனார். அத்தனை பொறுமையான கிளட்ச்சை நான் சொல்லிக்கூட அவர் போட்டதில்லை. நான் அப்போதும் பேசவில்லை, காலை மடக்கி வைத்திருந்தேன். அவர் கண் கோலத்தில் இருந்தது. கால் என்ன செய்கிறது என்று அவர் நினைக்கவேயில்லை.

என்ன நடந்துகொண்டிருந்தது

என் மகள் உளவியல் படிக்கிறாள். அன்று ராத்திரி இதைச் சொன்னதும் அவள் ராய் பாமிஸ்டர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1984-ல் வெளியிட்ட சோதனைகளைப் பற்றிச் சொன்னாள். பந்தை உருட்டி விளையாடும் ஒரு சின்ன ஆட்டம். பந்தைக் கவனித்தவர்களைவிட, தங்கள் கையைக் கவனிக்கச் சொல்லப்பட்டவர்கள் மோசமாக ஆடினார்கள். கை பழகிய வேலையில் மனது போய் மேற்பார்வை செய்தால் வேலை கெட்டுப்போகிறது. அடுத்தவர் நம்மைப் பார்க்கிறார், மதிப்பெண் போடுகிறார் என்ற எண்ணம் வந்தால் மனது அந்த மேற்பார்வைக்குத்தான் முதலில் ஓடுகிறது.

சிஸ்டருக்கு நடந்தது இதுதான். முதல் தோல்விக்கு அப்புறம் நான் கொடுத்த 5 மணி நேரமும் அவருடைய கவனத்தை இடது காலிலேயே ஆணி அடித்து வைத்தது. வியாதியை வளர்க்கிற மருந்தைக் கொடுத்திருக்கிறேன்.

உடம்பும் சேர்ந்துகொண்டது. பதற்றம் வந்தால் அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமாக அடிக்கும், பெரிய தசைகள் ஓடுவதற்குத் தயாராக விறைத்துக்கொள்ளும். ஓடுவதற்கு அது நல்லது. ஒரு பெடலை மெல்ல, மெல்ல மேலே விடுவதற்கு அது சரிப்படாது. அதோடு, பயந்து உட்காருகிறவர்கள் குதிகாலைத் தரையிலிருந்து தூக்கிவிடுவார்கள். அப்போது காலின் முழுப் பாரமும் தொடையில் நிற்கும், தொடை நடுங்கும், அந்த நடுக்கம் அப்படியே கிளட்ச்சுக்குப் போகும். சிஸ்டர் சீட்டைப் பின்னால் தள்ளிப் போட்டிருந்தார், குதிகால் தரையில் பதியவே இல்லை. இதை நான் முதல் வாரமே பார்த்திருக்க வேண்டும்.

இரண்டாவது டெஸ்ட்டில் தூக்கம் இல்லாததும் காபியும் சேர்ந்தன. குடித்த காபியின் காஃபினில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். அவர் டெஸ்ட்டுக்கு அரை மணி முன்னால் குடித்திருந்தார். "டியூட்டில நாலு காபி குடிப்பேன், ஒண்ணும் ஆகாதே" என்றார். டியூட்டியில் யாரும் அவருக்கு மார்க் போடுவதில்லை.

செய்தவை

ஐந்து வாரம் இருந்தது. பொங்கல் கழித்துத் தேதி எடுத்தோம்.

முதல் மாற்றம் என்னில். கிளாஸின் முதல் 20 நிமிடம் நான் பேசுவதில்லை என்று முடிவு. ஆபத்து வந்தால் மட்டும் பிரேக். மற்ற நேரத்தில் என் இரண்டு காலையும் சீட்டுக்கு அடியில் பின்னால் இழுத்து, ஒன்றன்மேல் ஒன்று போட்டுக்கொண்டேன். தப்பு நடந்தால் வண்டி நின்ற பிறகு பேசுவோம். முதல் இரண்டு நாள் எனக்கே அது வேதனையாக இருந்தது. வாய் தானாகத் திறக்கும். அவர் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்.

என் குரல் போன இடத்தில் வேறு ஒரு குரல் வேண்டும். அது அவருடைய குரலாக இருக்கட்டும் என்றேன். என்ன சொல்வது என்று அவர் கேட்டார். அப்போதுதான் பேச்சு அவருடைய வேலைப் பக்கம் போனது. ஊசி போடுவதற்கு முன்னால் நர்ஸ்கள் ஐந்து விஷயங்களைச் சரிபார்ப்பார்களாம்: சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். எத்தனை அவசரத்திலும் இதை விடக்கூடாது என்று படிக்கும்போதே பழக்கிவிடுவார்கள். "அந்த அஞ்சையும் சொல்லி முடிக்கும்போது மனசு அடங்கிடும் மாஸ்டர், அதுக்கப்புறம் கை தானா வேலை செய்யும்" என்றார். சரி, காருக்கும் ஐந்து வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவரே எழுதிக்கொண்டு வந்தார்: சீட், கண்ணாடி, பெல்ட், நியூட்ரல், சுற்றிலும் ஒரு பார்வை. ஒவ்வொன்றையும் கையால் தொட்டு, "சீட் சரி, கண்ணாடி சரி" என்று முணுமுணுப்பார். இது மனதைத் தேற்றுகிற சடங்கு மட்டும் இல்லை. 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15-வது விதி டெஸ்ட்டில் பார்க்க வேண்டியவற்றைப் பட்டியல் போடுகிறது; பின்பார்வைக் கண்ணாடியைச் சரிசெய்வதும், இன்ஜினைக் கிளப்பும் முன் எச்சரிக்கையோடு சரிபார்ப்பதும் அதில் முதலிலேயே வரும். இன்ஸ்பெக்டர் பார்க்க நினைப்பதையே அவர் செய்துகொண்டிருப்பார். அவசரப்படுத்துகிறார்களே என்று அதை விட வேண்டியதில்லை.

நகர ஆரம்பித்த பிறகு பார்க்கிறதைச் சொல்ல வேண்டும் என்றேன். "வலது பக்கம் பால் வண்டி. முன்னாடி ஸ்பீட் பிரேக்கர். நாய் குறுக்க வருது." காலைப் பற்றி, கையைப் பற்றி ஒரு சொல் கூடாது. கோலம் கற்றுக்கொடுத்த பாடம் இது. கண் வெளியே இருந்தால் கால் தன் வேலையைப் பார்த்துக்கொள்கிறது. ஒரு வாரத்தில் வாய்விட்டுச் சொல்வது நின்று, மனதுக்குள் சொல்வதானது.

அடுத்தது எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றுகிற ஒன்று. பள்ளிக்கரணைப் பக்கம் ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு லே-அவுட் ரோட்டில் வண்டியை நிறுத்தி, "வேணும்னே ஆஃப் பண்ணுங்க சிஸ்டர்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. கிளட்ச்சைப் படக்கென்று விடச் சொன்னேன். வண்டி குதித்து நின்றது. இப்போது அதிலிருந்து வெளியே வாருங்கள் என்றேன். பிரேக் அழுத்து, ஹேண்ட்பிரேக் போடு, நியூட்ரல் ஆக்கு, மூச்சை நீளமாக வெளியே விடு, ஸ்டார்ட், ஃபர்ஸ்ட், கண்ணாடி பார், ஹேண்ட்பிரேக் எடு, நகர்த்து. அன்று 25 தடவை வண்டியை ஆஃப் செய்து 25 தடவை எழுப்பினார். கடைசியில் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். வண்டி ஆஃப் ஆவது அவருக்கு அதுவரை உலகம் முடிகிற சம்பவமாக இருந்தது. அவர் டெஸ்ட்டில் தோற்றதற்கு முதல் தடவை வண்டி நின்றது காரணமாகத் தோன்றவில்லை; அதற்கு அப்புறம் நடந்த தடுமாற்றம்தான் காரணம். கியரில் இருக்கும்போதே கிளட்ச் இல்லாமல் சாவியைத் திருப்புவது, ஹேண்ட்பிரேக்கை மறப்பது, எல்லாம் அந்த இரண்டாவது நிமிடத்தில் நடப்பவை. அந்த இரண்டாவது நிமிடத்தை யாரும் பயிற்சி கொடுப்பதில்லை. நானும் 17 வருடத்தில் கொடுத்ததில்லை.

சரிவில் நிறுத்திக் கிளப்புவதையும் இதே மாதிரி செய்தோம். பின்னால் உருளாமல் ஏற்றத்தில் எடுக்க வேண்டும் என்பதும் விதியில் இருக்கிறது. தெரிந்த அபார்ட்மென்ட் ஒன்றின் பேஸ்மென்ட் சரிவில், வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு, மத்தியான நேரத்தில் பழகினோம்.

மூச்சைப் பற்றி நான் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை, அவர்தான் எனக்குச் சொன்னார். மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயத்துடிப்பு கொஞ்சம் கூடும், வெளியே விடும்போது குறையும். அதனால் நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விட வேண்டும். வீட்டில் அப்பாவுக்கு வைத்திருக்கும் ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டிப் பார்ப்பார். வண்டியில் ஏறும்போது நூறைத் தாண்டி இருக்கும் நாடி, இரண்டு மூன்று நிமிடத்தில் இறங்கும். தன் உடம்பு தன் சொல் கேட்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தது அவருக்கு நான் சொன்ன எந்த ஆறுதலையும்விட உதவியது.

பார்க்கப்படுவதற்கும் பழக வேண்டுமே. எல்.எல்.ஆர். காலத்தில் பக்கத்து சீட்டில் லைசென்ஸ் உள்ள, வண்டியை நிறுத்தத் தெரிந்த ஆள் இருக்க வேண்டும் என்பதால் கண்டவர்களை முன்னால் உட்கார வைக்க முடியாது. பின் சீட்டில் உட்கார வைத்தேன். முதலில் என் மகள், ஒரு நோட்டும் பேனாவுமாக. அப்புறம் ரிட்டயர் ஆன பக்கத்து வீட்டுக்காரர். அவர் இயல்பிலேயே சிரிக்காத மனிதர், அதனால் மிகவும் பயன்பட்டார். கடைசி வாரம் வேறு ஸ்கூல் மாஸ்டர் ஒருவரைக் கேட்டுக்கொண்டேன். அவர் என் சீட்டில் உட்கார்ந்து "எடுங்க" என்று மட்டும் சொல்வார், நான் தெருமுனையில் நிற்பேன். முதல் நாள் வண்டி இரண்டு முறை நின்றது, இரண்டு முறையும் சிஸ்டர் எழுப்பிக்கொண்டு போனார். இரண்டாம் நாள் நிற்கவில்லை.

பலன் தராததையும் சொல்ல வேண்டும். ராத்திரி படுக்கும்போது டெஸ்ட் நன்றாக நடப்பதாகக் கற்பனை செய்யுங்கள் என்று சொல்லியிருந்தேன். அவருக்கு அது வேலை செய்யவில்லை. கற்பனையிலும் வண்டி ஆஃப் ஆகி, தூக்கம்தான் போனது. நான்கு நாளில் விட்டுவிட்டோம்.

மாத்திரைப் பேச்சும் வந்தது. கூட வேலை செய்கிறவர் ஒருவர் ப்ரொப்ரனலால் போட்டுக்கொண்டு போகச் சொன்னாராம். மேடை நடுக்கத்துக்கு மருத்துவர்கள் அதைக் கொடுப்பது உண்டு. ஆனால் சிஸ்டருக்கு ஆஸ்துமா இருக்கிறது, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்து. அவருக்கே அது தெரியும், அந்தப் பேச்சு அங்கேயே நின்றது. தூக்க மாத்திரை, பதற்ற மாத்திரை போட்டுக்கொண்டு டெஸ்ட்டுக்கு வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது கண்ணையும் காலையும் மந்தமாக்கும். அந்த நிலையில் ஸ்டீயரிங் பிடிக்கவே கூடாது. இதை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

டெஸ்ட் நாள்

ஜனவரி கடைசி வாரம், ஒரு வியாழக்கிழமை. இந்த முறை முந்தின இரண்டு நாளும் நைட் டியூட்டி வேண்டாம் என்று மாற்றி வாங்கியிருந்தார். காலையில் மூன்று இட்லி, வழக்கமாகக் குடிப்பதில் பாதி காபி. பழகும்போது போட்ட அதே தட்டை செருப்பு, பின்பக்கம் வார் வைத்தது. புது ஷூ வாங்கட்டுமா என்று கேட்டிருந்தார், வேண்டாம் என்றேன். கால் அறிந்த செருப்புதான் நல்லது. பேப்பர்களை முந்தின ராத்திரியே ஒரு ஃபைலில் வைத்துவிட்டார். இடத்தையும் போன வாரமே ஒரு தடவை போய்ப் பார்த்து, வண்டிகள் எங்கே நிற்கும், எந்தப் பக்கம் திரும்பும் என்று நடந்தே பார்த்திருந்தோம்.

முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. டெஸ்ட்டைவிட இந்தக் காத்திருப்புதான் ஆளைக் கொல்லும். மரத்தடியில் கூட்டம் கூடி, இன்றைக்கு இன்ஸ்பெக்டர் ரொம்பக் கண்டிப்பு, காலையில் இருந்து ஆறு பேரைத் திருப்பி அனுப்பிவிட்டார் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். உண்மையோ பொய்யோ, கேட்டால் காதில் ஒட்டிக்கொள்ளும். அவரைக் கூட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் கரும்புஜூஸ் கடை வரை நடந்தேன். அங்கே நின்று டெஸ்ட்டைத் தவிர எல்லாவற்றையும் பேசினோம். அப்பா இப்போது இடது கையால் ஸ்பூன் பிடிக்கிறார் என்றார்.

"பயமா இருக்கு மாஸ்டர்" என்று முதல் தடவையாக அப்போதுதான் சொன்னார். இருக்கட்டும் என்றேன். கோட் ப்ளூ அடிக்கும்போதும் நெஞ்சு அடிக்கத்தானே செய்யும், அதோடுதானே ஓடுகிறீர்கள் என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்து, "ஆமா, அப்பவும் அடிக்கும். அப்ப நான் அதைப் பாக்கிறதில்ல" என்றார். என் மாணவர்களிடம் நான் இதுவரை கேட்டதிலேயே சரியான விளக்கம் அதுதான்.

அவர் பேரைக் கூப்பிட்டார்கள். நான் வெளியே நின்றேன். உள்ளே நடந்தது அவர் பின்னால் சொன்னது. நான் பார்த்தது வண்டியின் பின்பக்கம் மட்டும்.

இன்ஸ்பெக்டர் ஏறியதும் சிஸ்டர் வணக்கம் சொல்லிவிட்டு, "சார், சீட்டும் கண்ணாடியும் பாத்துக்கிறேன்" என்றாராம். அவர் தலையாட்டினார். ஐந்தையும் தொட்டுச் சரிபார்த்தார். வெளியே இருந்த எனக்கு அந்த நேரம் மிக நீளமாக இருந்தது. பிறகு வண்டி நகர்ந்தது. மெல்ல, குலுங்காமல். இரண்டாவது கியர் விழுந்ததை சத்தத்தில் உணர்ந்தேன்.

திரும்பி வரும்போது ஒரு பைக் குறுக்கே புகுந்தது. வண்டி நின்றது, குதித்து, ஆஃப் ஆனது. என் மூச்சும் நின்றது. பிரேக் லைட் எரிந்தது, அணையவே இல்லை. எண்ணினேன். ஆறு வரை எண்ணியிருப்பேன். சிவப்பு அணைந்தது, இன்ஜின் சத்தம் வந்தது, வலது இண்டிகேட்டர் மினுக்கியது. வண்டி நகர்ந்தது. ரிவர்ஸும் ஒரே வீச்சில் முடிந்தது.

இறங்கும்போது இன்ஸ்பெக்டர், "பைக்காரனைப் பாத்து நிறுத்தினீங்களே, அது சரி" என்று மட்டும் சொன்னாராம். பாஸ்.

அந்த ஆறு எண்ணிக்கையில் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "மூச்சு விட்டேன் மாஸ்டர். பள்ளிக்கரணை ரோடு ஞாபகம் வந்துச்சு. 26-வது தடவைன்னு நினைச்சுக்கிட்டேன்" என்றார்.

அதற்குப் பிறகு

இது ஒரு ஆளின் கதை. குரலைப் பிடித்துக்கொண்டு ஓட்டுகிறவர்களுக்கு இந்த வழி பொருந்தும். உண்மையிலேயே பயிற்சி போதாதவர்களுக்கு மூச்சும் முணுமுணுப்பும் கைகொடுக்காது. அவர்கள் இன்னும் ஓட்ட வேண்டும். கார் விபத்தில் அடிபட்டு, அந்த நினைவில் நடுங்குகிறவர்கள் என்னிடம் வந்தால் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்லி அனுப்புகிறேன், அது என் கைக்கு மீறியது.

என் கிளாஸ்கள் மாறிவிட்டன. ஏழாவது நாளில் இருந்து முதல் 10 நிமிடம் பேசுவதில்லை. டெஸ்ட்டுக்கு முந்தின வாரம் எல்லாரையும் 20 தடவையாவது வண்டியை ஆஃப் செய்யவைக்கிறேன். நேரம் வீணாகிறது என்று சில பெற்றோர் வருத்தப்படுகிறார்கள். பொறுமையாக எடுத்துச் சொல்கிறேன்.

லைசென்ஸ் கார்டு வந்த வாரம் அவர் தன் சொந்தக் காரின் கவரை எடுத்தார். பேட்டரி இறங்கிப்போயிருந்தது, நான் போய் ஜம்ப் கொடுத்துக் கிளப்பிவிட்டு வந்தேன். முதல் பயணத்துக்குக் கூட வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். மறுநாள் மத்தியானம் வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. பின்னால் பிசியோதெரபி சென்டரின் இரைச்சல். "மாஸ்டர், வந்து சேர்ந்துட்டோம். அப்பாதான் முன்னாடி உக்காந்தாரு. வழியெல்லாம் இடது காலால பிரேக் அழுத்திக்கிட்டே வந்தாரு, உங்கள மாதிரியே. சிக்னல்ல மட்டும் ஒரு தடவ ஆஃப் ஆச்சு. பரவால்ல, எடுத்துட்டேன்."